மரம் எவர் கையில், மண் எவர் பெயரில்: வங்காரி மாத்தாயின் தன்வரலாற்றில் பெண்கள் கூட்டுச் செயற்பாடும் பாலினச் சமத்துவமும்

ஆய்வுச் சுருக்கம்

கென்யாவின் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கிய வங்காரி மாத்தாய் 2006-இல் வெளியிட்ட 'அன்பவுட்' (பணியாதவள்) என்னும் தன்வரலாறு, ஊரகப் பெண்களின் கூட்டு முயற்சி சமத்துவத்துக்கு இட்டுச்செல்லும் என்பதற்குச் சான்றாகவே பெரும்பாலும் வாசிக்கப்படுகிறது. இக்கட்டுரை அந்நூலை நிலவுரிமை என்னும் கோணத்தில் மீள வாசிக்கிறது. கிகூயு மரபிலும் காலனியச் சட்டத்திலும் மரம் நிலத்தோடு சேர்ந்த சொத்து. நிலமில்லாத பெண் நடும் மரம் எவருக்கு உரியது என்னும் வினாவை நூல் தொடக்கத்திலேயே எழுப்புகிறது. நாற்றங்கால்களின் வெற்றியைப் பேசும்போது அதைத் தொடராமல் விடுகிறது. இந்த விடுபாட்டை ககமேகா, காம்பியா ஆகிய இடங்களின் அனுபவங்களோடு ஒப்பிட்டு, பெண்கள் குழுக்களால் எதைப் பெறமுடிந்தது, எதைப் பெறமுடியவில்லை என்பதைக் கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வங்காரி மாத்தாய், பசுமைப் பட்டை இயக்கம், தன்வரலாறு, நிலவுரிமை, பெண்கள் குழுக்கள், கென்யா

முன்னுரை

ஆப்பிரிக்க நாடுகளில் பெண்களைக் கொண்டு நடத்தப்படும் சமூகத் திட்டங்கள் குறித்த எழுத்துகளில் ஒரு வாய்பாடு பழகிப்போயிருக்கிறது. பெண்கள் குழுவாகச் சேர்கிறார்கள், சேமிக்கிறார்கள் அல்லது மரம் நடுகிறார்கள், வருவாய் ஈட்டுகிறார்கள், அதன் பயனாக வீட்டிலும் ஊரிலும் மதிப்பு உயர்கிறது, சமத்துவம் பிறக்கிறது. தமிழில் இதனைச் சுட்ட 'அதிகாரமளித்தல்' என்னும் சொல் வழங்குகிறது. அளிப்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதைச் சொல்லே ஒப்புக்கொண்டுவிடுகிறது. யார் அளிக்கிறார், எந்த அதிகாரத்தை அளிக்கிறார், அளித்ததைத் திரும்பப் பெற முடியுமா என்னும் வினாக்கள் அச்சொல்லுக்குள்ளேயே மறைந்துவிடுகின்றன.

மாத்தாயின் வாழ்க்கை இந்த வாய்பாட்டுக்கு மிக எளிதில் பொருந்துவதாகத் தோன்றும். 1940-இல் நியேரி அருகே இஹிதே என்னும் சிற்றூரில் பிறந்தவர்; அமெரிக்காவில் உயிரியல் பயின்றவர்; கிழக்கு, நடு ஆப்பிரிக்கப் பகுதியில் முனைவர் பட்டம் பெற்ற முதற்பெண்; 1977-இல் மரநடுகையைத் தொடங்கியவர்; 2004-இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றவர். ஒரு நாற்று மரமாவது போல் வளரும் கதை. அவருடைய நூலை இப்படிப் படித்து முடித்துவிடுவதில் தவறேதும் இல்லை. ஆனால் நூல் அதைவிடக் கடினமானது.

ராப் நிக்சன் 2011-இல் வெளியிட்ட, மெல்ல நிகழும் வன்முறை குறித்த நூலில் மாத்தாய்க்கு ஒரு தனி அத்தியாயம் ஒதுக்கியுள்ளார். மண்ணரிப்பு, காடழிப்பு போன்ற, கண்ணுக்குப் புலப்படாமல் நிகழும் அழிவுகளுக்கு எதிராக மரநடுகை கண்ணுக்குப் புலப்படும் அரசியற் செயலாயிற்று என்பது அவர் வாதத்தின் சாரம். ஏற்கத்தக்க வாசிப்பு இது. எனினும் நட்ட மரத்துக்கு உரிமையாளர் எவர் என்பது அவர் ஆய்வின் மையமன்று. அந்த வினாவைக் கையிலெடுக்கும்போது நூலின் வெற்றிக்கதையும் அதன் மௌனங்களும் ஒருசேரப் புலப்படுகின்றன.

பத்து மகளிரும் மறைந்த உரிமையும்

நூலின் முதல் அத்தியாயத்தில் கிகூயு மக்களின் தோற்றத் தொன்மம் எடுத்துரைக்கப்படுகிறது. கிகூயு, மும்பி என்னும் முதற்பெற்றோருக்குப் பத்து மகளிர். அம்மகளிரின் பெயர்களே குலப்பெயர்களாயின. குலங்கள் பெண்வழி அமைந்தவை. இதைச் சொல்லும் மாத்தாய் அடுத்து ஒரு செய்தியைச் சேர்க்கிறார்: நிலம், கால்நடை, பல்லாண்டுப் பயிர்கள் ஆகியவற்றின் மீதான உடைமையும் மரபுரிமையும் காலப்போக்கில் ஆண்களிடம் சென்றன, பெண்கள் அவற்றை எவ்வாறு இழந்தனர் என்பதற்கு விளக்கம் கிடைக்கவில்லை.

இப்பட்டியலில் 'பல்லாண்டுப் பயிர்கள்' என்பது கவனிக்கத்தக்கது. அவரை, சர்க்கரைவள்ளி, சோளம் போன்றவை பருவத்தோடு முடிபவை. பெண்ணின் உழைப்புக்கும் பெண்ணின் அடுப்புக்கும் உரியவை. ஆண்டு கடந்து நிற்பது எதுவோ அது ஆணுக்குரியது. மரம் ஆண்டு கடந்து நிற்கும் பயிர். ஆகவே மரம் நடும் பெண் தன் சமூகம் வகுத்த உடைமைக் கோட்டை ஒரு நாற்றின் அளவுக்கேனும் தாண்டுகிறாள். நூல் இத்தொடர்பைச் சொல்லாமல் விட்டாலும், முதல் அத்தியாயத்திலேயே அதற்கான தரவை வைத்துவிடுகிறது.

இந்த இழப்பைத் தொன்மக்காலத்தது என்று மட்டும் கொள்ள முடியாது. எஸ்டர் போசரப் 1970-இல் வெளியிட்ட ஆய்வு, ஆப்பிரிக்காவில் உழவு பெருமளவு பெண்களின் தொழிலாக இருந்ததையும், காலனிய வேளாண் கொள்கை ஆண்களையே உழவராகக் கருதிப் பயிற்சியும் பணப்பயிரும் நிலமும் அவர்களுக்கே வழங்கியதையும் எடுத்துக்காட்டியது. கென்யாவில் இதற்குத் துல்லியமான நாள் உண்டு. 1954-இல் அறிவிக்கப்பட்ட சுவின்னர்டன் திட்டத்தின்கீழ்ச் சிதறிக்கிடந்த நிலத்துண்டுகள் ஒன்றிணைக்கப்பட்டுத் தனிநபர் பெயரில் பதிவுசெய்யப்பட்டன. அந்தத் தனிநபர் பெரும்பாலும் குடும்பத் தலைவனாகிய ஆண். வழக்காற்றில் பெண்ணுக்கு உடைமை இல்லாவிடினும் பயிரிடும் உரிமை இருந்தது. மாமியார் வழியாகவும் கணவன் வழியாகவும் வந்த அவ்வுரிமையை எவரும் எளிதில் பறிக்க முடியாது. பத்திரத்தில் ஒரே பெயர் எழுதப்பட்டபின் அவ்வுரிமைக்கு எழுத்துச் சான்று இல்லாமற்போயிற்று. நிலத்தைக் கணவன் அடகுவைக்கலாம், விற்கலாம். வயலில் நிற்கும் மனைவி அதைப் பின்னரே அறியலாம்.

மாத்தாயின் இளமைக்காலம் இம்மாற்றத்தோடு ஒன்றி நிகழ்ந்தது. அவர் தந்தை நக்குரு பகுதியில் வெள்ளையர் பண்ணையொன்றில் பணிபுரிந்தவர். மாவ் மாவ் கிளர்ச்சியும் நெருக்கடி நிலையும் நிலச் சீர்திருத்தமும் ஒன்றன்மீதொன்று படிந்த காலம் அது. நூலின் மிகவும் புகழ்பெற்ற படிமமான அத்திமரமும் இங்குதான் வருகிறது. அதை இறைவனின் மரம் என்று சொல்லி, அதிலிருந்து விறகு பொறுக்கக்கூடாது எனத் தாய் தடுக்கிறார். அம்மரத்தருகே ஓடிய ஊற்றில் குழந்தை தவளை முட்டைகளோடு விளையாடுகிறாள். பின்னாளில் திரும்பிவரும்போது மரம் வெட்டப்பட்டிருக்கிறது, ஊற்று வற்றியிருக்கிறது. இதைச் சூழலியல் இரங்கலாக வாசிப்பவர் பலர். உடைமை வரலாறாகவும் வாசிக்கலாம்: ஒருவருக்கும் சொந்தமில்லாமல் எல்லோராலும் காக்கப்பட்ட மரம், நிலம் தனியுடைமையானபின், பணப்பயிருக்கு இடையூறாக நிற்கும் பொருளாகிவிட்டது.

வரப்பும் கூரையும்

பசுமைப் பட்டை இயக்கம் வெற்றிடத்தில் தோன்றியதன்று. கிகூயுப் பெண்களிடையே 'ங்குவாத்தியோ' என்னும் முறைமாற்று உழைப்பு நெடுங்காலமாக வழங்கியது. இன்று ஒருத்தியின் வயல், நாளை மற்றொருத்தியின் வயல். நம்மூர்க் கைமாற்று உழைப்பை அறிந்தவர்க்கு இது புதிதன்று.

கூட்டாக உழைக்கத் தெரிந்த பெண்களுக்குக் கூட்டாக மறுக்கவும் தெரிந்திருந்தது. 1940-களின் இறுதியில் முராங்கா மாவட்டத்தில் மண்ணரிப்பைத் தடுப்பதற்கெனப் பெண்களைக் கட்டாயமாகப் படிவரப்பு வெட்டச் செய்தது காலனிய அரசு. ஆண்கள் நகரங்களிலும் பண்ணைகளிலும் கூலிக்குச் சென்றுவிட்ட நிலையில் அச்சுமை பெண்கள் தோளில் விழுந்தது. அவர்கள் அவ்வேலையைச் செய்ய மறுத்துத் திரண்டனர். மூன்று பத்தாண்டுகளுக்குப்பின் அதே மலைச்சரிவுகளில், அதே மண்ணைக் காக்கவே, பெண்கள் விரும்பி மரம் நட்டனர். மண்மீதான அக்கறை இடைக்காலத்தில் திடீரெனத் தோன்றிவிடவில்லை. முன்னதில் ஏவியவர் ஊர்த்தலைவர், கூலி இல்லை, பயன் யாருக்கென்று தெரியாது. பின்னதில் குழு அவர்களுடையது. சிறிதேனும் பணம் கைக்கு வந்தது. விறகு வீட்டுக்கு வந்தது. இயற்கையோடு பெண்ணுக்குப் பிறவியிலேயே ஓர் உறவுண்டு என்னும் சூழலியல் பெண்ணிய வாதத்தை ஏற்கத் தயங்குவதற்கு இவ்வரலாறு போதுமானது. பீனா அகர்வால் 1992-இல் இந்தியச் சூழலை முன்வைத்து அவ்வாதத்தை மறுத்தபோது, பெண்ணுக்கும் இயற்கைக்குமான உறவு உழைப்பிலும் உடைமையிலும் வேர்கொண்டது என்றார். முராங்காப் பெண்கள் அதை முன்னரே செய்துகாட்டியிருந்தனர்.

விடுதலைக்குப்பின் வந்த 'மபாத்தி' குழுக்கள் இன்னும் நேரடியாக இக்கட்டுரையின் வினாவைத் தொடுகின்றன. மபாத்தி என்பது சுவாகிலி மொழியில் தகரத்தகட்டைக் குறிக்கும். பெண்கள் மாதந்தோறும் பணம் சேர்த்து, முறைவைத்து, ஒவ்வோர் உறுப்பினர் வீட்டுக்கும் தகரக்கூரை வேய்ந்தனர். புல்வேய்ந்த கூரையைப் புதுப்பிக்கும் உழைப்பு குறைந்தது. மழைநீரைச் சேர்க்க முடிந்ததால் நீர் சுமக்கும் தொலைவும் குறைந்தது. மிகச்சிறந்த சமூகத் திட்டம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கூரைக்குக் கீழுள்ள வீடு கணவனுடையது. வீட்டின் கீழுள்ள நிலமும் அவனுடையது. திருமணம் முறிந்தால் தகரத்தைக் கழற்றிக்கொண்டு வெளியேற முடியாது. பெண்களின் சேமிப்பு, பெண்களுக்கு உரிமையில்லாத சொத்தின் மதிப்பை உயர்த்தியது.

நாற்றங்காலின் கணக்கு

1975-இல் மெக்சிகோ நகரில் நடைபெறவிருந்த ஐக்கிய நாடுகள் மகளிர் மாநாட்டுக்கு ஆயத்தமாகும் வகையில், கென்ய தேசிய மகளிர் மன்றத்தில் ஊரகப் பெண்கள் தங்கள் தேவைகளைக் கூறினர். விறகு, தூயநீர், சத்துணவு, வருவாய். வளமானதெனக் கருதப்பட்ட நடுமாநிலத்திலேயே குழந்தைகளுக்குச் சத்துக்குறை நோய் இருப்பது மாத்தாயை வியப்பில் ஆழ்த்தியது. காரணத்தைத் தேடியபோது ஒரு சங்கிலி புலப்பட்டது: காப்பியும் தேயிலையும் நிலத்தைப் பிடித்தன, விறகு அரிதாயிற்று, விறகு அரிதானதால் நெடுநேரம் வேகவேண்டிய உணவு கைவிடப்பட்டு, விரைவில் வேகும் தீட்டிய மாவும் வெண்ரொட்டியும் அடுப்படிக்கு வந்தன. இப்பகுதி நூலின் அறிவார்ந்த பக்கங்களுள் ஒன்று. அடுப்பிலிருந்து ஏற்றுமதிப் பொருளாதாரம் வரை ஓர் உயிரியலாளரின் ஒழுங்கோடு அவர் காரணங்களைக் கோக்கிறார்.

1977 சூன் 5 அன்று, உலகச் சுற்றுச்சூழல் நாளில், நைரோபியின் கமுக்குஞ்சிப் பூங்காவில் ஏழு மரங்கள் நடப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை பிழைக்கவில்லை. விழாவில் நடும் மரத்துக்கு நீரூற்ற ஆளிருப்பதில்லை என்பதை இயக்கம் தொடக்கத்திலேயே கற்றுக்கொண்டது. பின்னர் வகுக்கப்பட்ட முறை எளியது. பெண்கள் குழு அமைத்து நாற்றங்கால் இடவேண்டும்; உள்ளூர் விதைகளைத் திரட்டவேண்டும்; ஆயிரம் கன்றுகளேனும் வரிசையாக நட்டு ஒரு 'பட்டை' அமைக்கவேண்டும்; கன்று பிழைத்திருப்பது நேரில் சரிபார்க்கப்பட்டபின், கன்றுக்கு நான்கு அமெரிக்கச் செண்டுக்கு இணையான தொகை வழங்கப்படும். வனத்துறையினர் வகுப்பெடுக்க வந்தபோது அவர்களின் பாடம் பெண்களுக்குப் புரியவில்லை. பெண்கள் உடைந்த சட்டிகளில் தாங்கள் அறிந்தவாறே விதையிட்டு முளைக்கவைத்தனர். பட்டயம் பெறாத வனவியலாளர் என்று நூல் அவர்களை அழைப்பது வெறும் பாராட்டன்று. அறிவு எவரிடம் உள்ளது என்பது குறித்த வாதமும் ஆகும்.

நான்கு செண்டு சிறுதொகைதான். எனினும் அதன் அமைப்பு நுட்பமானது. நட்டதற்கு அன்று, பிழைத்ததற்கே கூலி. உதவித்தொகையாக வழங்கப்பட்டிருந்தால் குழு பயனாளியாகியிருக்கும். கூலியாக வழங்கப்பட்டதால் பெண்ணின் பராமரிப்பு உழைப்பு முதன்முறையாக எண்ணப்பட்டது, எழுதப்பட்டது, விலைபெற்றது. ஆயினும் கூலி உழைப்புக்குரியது. பிழைத்த மரமோ மண்ணோடு சேர்ந்தது. மண் கணவனுடையதாகவோ பள்ளியுடையதாகவோ பிறர் பண்ணையாகவோ இருந்தது. நான்கு செண்டு கொடுத்தபின் மரத்துக்கும் நட்டவளுக்குமான கணக்கு தீர்ந்துவிடுகிறதா? நூல் இங்கு நிற்பதில்லை; மரங்களின் எண்ணிக்கைக்கும் நன்கொடையாளர்களுக்கும் நகர்ந்துவிடுகிறது. தன்வரலாற்றின் மிகப்பெரிய மௌனம் இதுவே.

மரம் காக்கும், மரம் பறிக்கும்

இம்மௌனம் ஏன் பொருட்படுத்தத்தக்கது என்பதை இரு இடங்கள் காட்டுகின்றன. முதலாவது கென்யாவின் மேற்கிலுள்ள ககமேகா. அங்கு 1980-களில் விறகுப் பற்றாக்குறையைத் தீர்க்க முயன்ற திட்டமொன்று ஒரு தடையைக் கண்டது: பெண் மரம் நடக்கூடாது. நட்டால் மலடியாவாள், கணவன் இறப்பான் என்னும் நம்பிக்கை. மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட இயலாத அளவுக்கு அதில் உடைமைத் தருக்கம் உண்டு. மரம் நடுவது நிலத்தின்மீது உரிமை கொண்டாடும் செயல். மனைவி மரம் நட்டால் அவள் கணவனுக்குப் பின்னும் அம்மண்ணில் நிலைத்து நிற்கக் கோருகிறாள் என்று பொருள். தடையை உடைக்க முயலாமல் திட்டத்தினர் ஒரு வழி கண்டனர். கலியாண்ட்ரா போன்ற, விரைவில் வளரும் செடிகளை அறிமுகப்படுத்தினர். அவை 'மரம்' அல்ல, புதர் என்றே ஊரார் கருதினர். ஆகவே பெண்கள் நடலாம். விறகு கிடைத்தது. மரம் ஆணுக்குரியது என்னும் விதி அப்படியே நின்றது. மேக்சின் மாலிநியூ 1985-இல் பிரித்துக்காட்டிய நடைமுறை நலன், உத்திசார் நலன் என்னும் இரண்டில் முதலாவது நிறைவேறி இரண்டாவது தள்ளிவைக்கப்பட்டதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பதரிது.

இரண்டாவது இடம் கண்டத்தின் மறுமுனையிலுள்ள காம்பியா. 1970-களின் வறட்சிக்குப்பின், ஆற்றின் வடகரைப் பகுதியில் பெண்கள் தாழ்நிலங்களில் காய்கறித் தோட்டங்கள் இட்டனர். நன்கொடை நிறுவனங்கள் கிணறும் வேலியும் அமைக்க உதவின. வருவாய் பெருகிற்று, சில குடும்பங்களில் கணவனின் நிலக்கடலை வருவாயையும் விஞ்சியது. தோட்டத்தில் நாள்முழுதும் கழிக்கும் மனைவியர் தங்கள் இரண்டாம் கணவரிடம் சென்றுவிட்டனர் என்று ஆண்கள் எள்ளியதாக ரிச்சர்ட் ஸ்ரோடர் பதிவுசெய்கிறார். அடுத்து வந்த பத்தாண்டில் நன்கொடையாளர்களின் அக்கறை சூழலியலுக்குத் திரும்பியது. மரம் நடுகை ஊக்குவிக்கப்பட்டது. நிலவுடைமையாளர்கள் அதே வேலிக்குள் மாங்கன்றுகளையும் ஆரஞ்சுக் கன்றுகளையும் நட்டனர். தோட்டத்தில் தொடர்ந்து பயிரிட வேண்டுமானால் அக்கன்றுகளுக்குப் பெண்கள் நீரூற்றவேண்டும். கன்று வளர்ந்து நிழல் கவிந்ததும் காய்கறி விளையாது. தோட்டம் ஆணின் பழத்தோப்பாகிவிடும். தங்களை வெளியேற்றப்போகும் மரத்துக்குப் பெண்களே நீரூற்றினர். சிலர் கிளைகளை வெட்டினர். சில கன்றுகள் மறைவாக அழிக்கப்பட்டன. 1999-இல் வெளிவந்த ஸ்ரோடரின் நூலை மாத்தாயின் தன்வரலாற்றோடு அடுத்தடுத்து வாசிப்பவர், மரம் என்னும் சொல்லின் நற்பொருளை இனி எளிதாக நம்பமாட்டார்.

கென்யாவில் மரம் பெண்ணை வெளியேற்றவில்லை, காம்பியாவில் வெளியேற்றியது. இரண்டிலும் நிலம் ஆணுடையதே. வேறுபாடு, திட்டத்தின் கட்டுப்பாடு எவரிடம் இருந்தது என்பதில் உள்ளது. விதையையும் இடத்தையும் கணக்கையும் பெண்கள் குழு தன் கையில் வைத்திருந்தவரை மரம் அவர்களுக்குக் கேடு செய்யவில்லை. நிலவுரிமையின் குறையைக் குழுவின் வலிமை ஓரளவு ஈடுசெய்கிறது என்று இதிலிருந்து கொள்ளலாம். அந்த ஈடு எவ்வளவு நேரம் தாங்கும் என்பதே அடுத்த வினா.

அடுத்தடுத்த இரு அத்தியாயங்கள்

நாற்றங்கால்களின் வளர்ச்சியைக் கூறும் அத்தியாயத்தை அடுத்து வருவது கடினமான ஆண்டுகளைப் பற்றிய அத்தியாயம். மரநடுகை வேர்பிடித்த அதே காலத்தில் மாத்தாயின் திருமணம் முறிந்தது. 1979-இல் நீதிமன்றம் கணவர் கோரிய மணமுறிவை வழங்கியது. இதழொன்றுக்கு அளித்த நேர்காணலில் நீதிபதியைக் குறைகூறியமைக்காக அவருக்கு ஆறுமாதச் சிறை விதிக்கப்பட்டது. மூன்று நாள் சிறையிலிருந்தபின் வெளிவந்தார். தன் குடும்பப்பெயரை அவர் பயன்படுத்தக்கூடாது எனக் கணவர் கோரியபோது, அப்பெயரில் ஓர் உயிரெழுத்தைக் கூட்டி மாத்தாய் என அமைத்துக்கொண்டார். குறிலை நெடிலாக்கிய இச்செயல், உரிமையில்லாத சொத்தில் தனக்கென ஒன்றை நட்டுக்கொண்ட செயலாகவே தோன்றுகிறது.

நைரோபிப் பல்கலைக்கழகத்தில் பெண் ஆசிரியர்களுக்கு ஆண்களுக்கு இணையான வீட்டுவசதியும் பிற சலுகைகளும் வேண்டுமென அவர் போராடியதும் நூலில் விரிவாக உள்ளது. அப்போராட்டத்தின் முடிவில் அவருக்கும் அவர் தோழியான ஒரு பெண் ஆசிரியருக்கும் முழுச்சலுகை வழங்கப்பட்டது, பொதுவிதி மாறவில்லை. 1982-இல் நாடாளுமன்றத் தேர்தலில் நிற்பதற்காகப் பதவி விலகினார், வேட்பாளராக ஏற்கப்படவில்லை, பழைய வேலையும் திரும்பக் கிடைக்கவில்லை, குடியிருந்த வீட்டையும் காலிசெய்ய நேர்ந்தது.

இந்த அடுக்கு தற்செயலானதாயினும் பொருள்மிக்கது. முனைவர் பட்டமும் பேராசிரியப் பணியும் பெற்ற பெண்ணுக்கே திருமணம், பணி, வீடு ஆகிய மூன்றிலும் உரிமை நிலையற்றதாக இருந்தது. நாற்றங்கால் வைத்த நியேரிப் பெண்ணின் நிலை எவ்வாறு இருந்திருக்கும் என்பதை வாசகரே உய்த்துணரவேண்டும். உய்த்துணர விடுவதில்தான் இத்தன்வரலாற்றின் ஒரு குறை தெரிகிறது. 'நான்' என்னும் குரல் தன் மணமுறிவைப் பேசும்போது நீதிமன்றம், வழக்கறிஞர், செய்தித்தாள் என முழு விவரங்களோடு பேசுகிறது. 'பெண்கள்' என்று பன்மையில் வரும் குழுவினருக்கு அத்தகைய தனிவாழ்க்கை இல்லை. அவர்கள் விதைக்கிறார்கள், நடுகிறார்கள், பாடுகிறார்கள். அவர்களுள் எவளேனும் தான் நட்ட மரங்களை விட்டுவிட்டுப் பிறந்தகம் திரும்பினாளா? கணவன் நிலத்தை விற்றபோது பட்டை என்னாயிற்று? தலைவரின் தன்வரலாறு இயக்கத்தின் வரலாறாகவும் அமையும்போது நேரும் இக்கட்டு இது. மாத்தாய்க்கு இது தெரியாததன்று. இயக்கத்தின் செயன்முறை குறித்து அவர் தனியாக ஒரு நூலே எழுதியவர். ஆனால் அந்நூலிலும் குழு பேசுகிறதே தவிர, குழுவிலுள்ள ஒருத்தி பேசுவதில்லை.

அரசும் குழுவும்

குழுக்களை அரசு எவ்வாறு நோக்கியது என்பதற்கு மாயெண்டலேயோ யா வனவாக்கே அமைப்பு நல்ல சான்று. 1952-இல் காலனிய அரசின் ஆதரவோடு தொடங்கப்பட்ட இம்மகளிர் அமைப்பு 1987-இல் ஆளுங்கட்சியான கானுவோடு இணைக்கப்பட்டது. சேமிப்பு, கைத்தொழில், வீட்டுநலம் ஆகியவற்றோடு நின்ற குழுக்களுக்கு அரசின் அரவணைப்புக் குறையவில்லை.

1989-இல் நைரோபியின் உகுரு பூங்காவில் அறுபது மாடிக் கட்டடம் எழுப்பும் திட்டத்தை மாத்தாய் எதிர்த்தபோது நிலைமை மாறியது. நாடாளுமன்றத்தில் அவருடைய மணமுறிவு கேலிக்குள்ளாக்கப்பட்டது. பெண்கள் ஆண்களுக்கு அடங்கி நடப்பதே ஆப்பிரிக்க மரபு என்று குடியரசுத் தலைவர் மோய் நினைவூட்டினார். இயக்கம் அரசுக் கட்டடத்திலிருந்த தன் அலுவலகத்தைக் காலிசெய்யவேண்டியதாயிற்று. பெண்கள் மரம் நட்டவரை அது வளர்ச்சித் திட்டம். பொதுநிலம் எவருடையது என்று கேட்டதும் அவர்கள் பெண்கள் என்பது நினைவுக்கு வந்துவிட்டது. கட்டடத் திட்டம் இறுதியில் கைவிடப்பட்டது.

1992 பிப்ரவரி இறுதியில் அரசியல் கைதிகளின் தாய்மார் அதே பூங்காவில் உண்ணாநோன்பு தொடங்கினர். மார்ச் 3 அன்று காவல்துறை தாக்கியது; மாத்தாய் நினைவிழந்து வீழ்ந்தார். முதிய தாய்மார் சிலர் தங்கள் உடையைக் களைந்து காவலர் முன் நின்றனர். தாயின் வயதுடைய பெண்ணின் நிர்வாணம் காண்பவர்மீது சாபமாக இறங்கும் என்பது மரபு. 1922-இல் ஹாரி துக்குவின் விடுதலை கோரி நைரோபியில் திரண்ட கூட்டத்தில் மேரி முத்தோனி நியாஞ்சிரு ஆடையை உயர்த்தி ஆண்களை அறைகூவியதும் இதே மரபின் வழியாகவே. அவர் அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். எழுபது ஆண்டுகளுக்குப்பின் நின்ற தாய்மார் அருகிலுள்ள தேவாலயத்துக்குச் சென்று போராட்டத்தைத் தொடர்ந்தனர். கைதிகளில் பெரும்பாலோர் பின்னர் விடுவிக்கப்பட்டனர்.

இவ்விரு நிகழ்வுகளிலும் மாலிநியூவின் பிரிவினை நெகிழ்ந்துபோகிறது. நடைமுறைத் தேவைக்காகக் கூடிய குழுக்களின் இயக்கம் ஓர் அரசியல் உரிமைப் போருக்குத் துணைநின்றது. அப்போரில் பெண்கள் தாய்மை என்னும் மிகப் பழைய நிலையிலிருந்தே பேசினர். தங்கள் மகன்களுக்காகப் பேசினர். தங்களுக்கென்று நிலம் கேட்டு அவர்கள் அந்தப் பூங்காவில் அமரவில்லை. இதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. கூட்டத்தின் துணிவு எதற்கெல்லாம் கிடைத்தது, எதற்குக் கிடைக்கவில்லை என்பதைக் குறித்துவைக்கவேண்டியுள்ளது.

பத்திரத்தில் உள்ள பெயர்

2010-ஆம் ஆண்டின் கென்ய அரசமைப்புச் சட்டம் நிலம் தொடர்பான சட்டம், வழக்கம், நடைமுறை ஆகியவற்றில் பாலினப் பாகுபாட்டை நீக்குவதை நிலக்கொள்கையின் நெறிகளுள் ஒன்றாக்கியது. திருமணத்தின்போதும், திருமண வாழ்விலும், அது முறியும்போதும் இருவருக்கும் சமவுரிமை உண்டு என்கிறது அதன் 45(3) பிரிவு. மாத்தாய் 2011 செப்டம்பரில் மறைவதற்குமுன் இச்சட்டம் நடைமுறைக்கு வந்ததைக் கண்டார். எனினும் 2013 முதல் 2017 வரை வழங்கப்பட்ட நிலப்பத்திரங்களுள் ஏறத்தாழப் பத்து இலட்சத்தைக் கென்ய நிலக் கூட்டணி ஆராய்ந்தபோது, பெண்கள் பெயரில் இருந்தவை 10.3 விழுக்காடே, பரப்பளவில் அது இரண்டு விழுக்காட்டையும் எட்டவில்லை.

2013-ஆம் ஆண்டின் திருமணச் சொத்துச் சட்டம், திருமணக் காலத்தில் ஈட்டிய சொத்தை ஒவ்வொருவரின் பங்களிப்புக்கேற்பப் பிரிக்கிறது. பணமல்லாத பங்களிப்பும் கணக்கில் வரும்: வீட்டுவேலை, குழந்தை வளர்ப்பு, உழவுவேலை. 2023 ஜனவரியில் கென்ய உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தை விளக்கும்போது, அரசமைப்பு கூறும் சமத்துவம் சொத்தைத் தானாகவே சரிபாதியாக்காது. பங்களிப்பை மெய்ப்பிக்கவேண்டும் என்றது. ஆகவே மணமுறிவு வழக்கில் நிற்கும் ஊரகப் பெண்ணுக்கு இப்போது தேவைப்படுவது சான்று. அவள் எந்த வயலில் எத்தனை ஆண்டு உழைத்தாள், எதை நட்டாள், எது பிழைத்தது என்பதற்கான எழுத்துச் சான்று.

கென்ய ஊர்ப்புறங்களில் பெண்களின் உழைப்பு இவ்வாறு எழுதப்பட்ட இடங்கள் மிகச்சில. அவற்றுள் ஒன்று, கன்றுக்கு நான்கு செண்டு கொடுப்பதற்காகப் பசுமைப் பட்டைக் குழுக்கள் எழுதிவைத்த பிழைத்த மரங்களின் கணக்கு. அக்கணக்கேடுகளை நன்கொடையாளர்களுக்கான அறிக்கைத் தரவுகளாக மட்டுமே ஆய்வுலகம் கண்டுவந்திருக்கிறது. நிலத்தின்மீதான பங்களிப்பின் ஆவணங்களாக அவற்றைத் திரட்டி வாசிக்கும் பணி, மாத்தாயின் தன்வரலாறு முதல் அத்தியாயத்தில் எழுப்பிப் பின்னர்த் தொடராமல் விட்ட வினாவிலிருந்தே தொடங்கவேண்டியிருக்கும்.